ஐசோ தாளில் வடக்கு எங்கே?

புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவனிடம் ஒரு பைப்பிங் ஐசோமெட்ரிக் தாளை (ஒரு குழாய் லைனின் பாதையைக் காட்டும் வரைபடம், சுருக்கமாக ஐசோ) கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவன் விரல் நேராகக் கோட்டின் மேல்தான் போகும். ஒரு முனையைத் தொட்டு, பெண்டு (வளைவு), வால்வு, டீ (கிளை பிரியும் துண்டு), மறுபடி பெண்டு என்று மறுமுனை வரைக்கும் ஓட்டிவிட்டு "புரிஞ்சுதுங்ண்ணா" என்பான். எனக்கு அங்கேதான் கவலை தொடங்கும், ஏனென்றால் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது தாளின் மூலையில் இருக்கும் வடக்கு அம்புக்குறி. அதைப் பார்க்காமல் ஓட்டிய விரலுக்கு அது ஒரு படம் மட்டுமே. ஐசோவைப் படமாகப் பார்க்கக் கூடாது, ஒரு பாதையாக நடந்து பார்க்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

நான் ஈரோட்டுப் பக்கம் ஸ்பூல் (குழாயையும் பெண்டையும் வெல்டு செய்து மாட்டத் தயாராக்கிய துண்டு) செய்யும் பட்டறை வேலையில் இருப்பவன். நம்ம கொங்குப் பக்கத்தில் எந்தத் தொழிலுக்குள் நுழைந்தாலும் குழாய் இருக்கிறது. சர்க்கரை ஆலை, காகித ஆலை, பால் பதப்படுத்தும் இடம், சாயப்பட்டறை எல்லாவற்றிலும் நீராவி ஓட வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத நிலைக்கு வந்தால்தான் திறக்கலாம் என்று உத்தரவிட்டது நினைவிருக்கும். அப்படி ஒரு சொட்டும் வெளியேறாமல் இருக்க ஆர்.ஓ. வேண்டும், தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் வேண்டும், அவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கான லைன் வேண்டும். ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் குழாய்களைத் தாங்கும் பைப் ரேக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த லைன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐசோ தாள் உண்டு, அதைப் படிக்கத் தெரிந்த ஃபிட்டருக்கு இங்கேயும் மதிப்பு, வளைகுடா நாடுகளில் ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலையிலும் மதிப்பு.

சரி, தாளுக்கு வருவோம். பி அண்டு ஐ.டி. என்கிற வரைபடம் எது எதோடு சேர்கிறது என்று மட்டும் சொல்லும், அதில் நீள அளவு கிடையாது. மேலிருந்து பார்த்து வரையும் பிளான் வரைபடத்தில் அளவு இருக்கும், ஆனால் எல்லா லைனும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஐசோவில் ஒரே ஒரு லைன்தான். அந்த லைன் நீளமானால் இரண்டு மூன்று தாளாக உடைத்து, எங்கே உடைத்தார்கள், தொடர்ச்சி எந்தத் தாளில் என்று எழுதியிருப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே தாளில் காட்ட, மூன்று அச்சுகளையும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி இருக்கும்படி வரைகிறார்கள். உயரம் செங்குத்தாக நிற்கும், மற்ற இரண்டும் படுக்கைக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்து இரண்டு பக்கமும் போகும்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தி எழுதியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபேரிஷ், 1822-இல். அவர் வகுப்பில் இயந்திரங்களின் மாதிரிகளைக் கழற்றி மாட்டிக் காட்டுவார். ஒரு பாடத்துக்கு மாட்டியதைக் கழற்றி, அடுத்த பாடத்துக்கு வேறொன்றாக மாட்ட வேண்டும், அதை அவருடைய உதவியாளர்கள் செய்ய வேண்டும். எந்தத் துண்டு எங்கே சேரும் என்று அவர்களுக்குக் காட்டத்தான் இந்த வரைமுறை அவருக்குத் தேவைப்பட்டது. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மாட்டுகிறவனுக்காகவே பிறந்த வரைபடம் இது. ஆபீஸில் இருப்பவர்களின் சமாச்சாரம் என்று ஃபிட்டர்கள் ஒதுங்கி நிற்க எந்தக் காரணமும் இல்லை.

முதலில் ஒரு விஷயம்: இந்தத் தாளில் ஸ்கேல் கிடையாது. 12 மீட்டர் நேர்க் குழாயை விரல் நீளத்துக்கு வரைந்திருப்பார்கள், 300 மி.மீ. துண்டை அதைவிட நீளமாக வரைந்திருப்பார்கள், ஏனென்றால் அந்தச் சின்னத் துண்டில்தான் வால்வும் வடிகாலும் கேஜும் நெருக்கமாக இருக்கும். அதனால் அடிஸ்கேலை வைத்து அளக்காதீர்கள், கண்ணால் "இது அதில் பாதி இருக்கும்" என்று மதிப்பிடவும் செய்யாதீர்கள். எழுதியிருக்கும் எண் மட்டும்தான் அளவு.

இப்போது வடக்கு. "அண்ணா, இது லெஃப்ட்ல திரும்புதுங்களா, ரைட்லயா?" என்று பையன்கள் கேட்பார்கள். "லெஃப்ட் ரைட்டெல்லாம் இல்ல கண்ணு, கெழக்கயா மேக்கயா, அதச் சொல்லு" என்பேன். உண்மையில் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வர வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவன் மேக்கால காடு, தெக்கால வரப்பு, வடக்கால கெணறு என்று பேசித்தான் வளர்ந்திருப்பான், வழி கேட்டாலும் திசை சொல்லித்தான் சொல்லுவான். அந்தப் பழக்கத்தை ஆலை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் இருப்பது பிளான்ட் நார்த். சூரியனை வைத்துச் சொல்லும் வடக்கு வேறாக இருக்கலாம். மனை ரோட்டுக்கு ஏற்பக் கோணலாகக் கிடந்தால் கட்டடமும் கோணலாகத்தான் நிற்கும், கட்டடத்தின் தூண் வரிசைக்கு நேராக ஒரு திசையை எடுத்து, வேலை முழுக்க அதுதான் வடக்கு என்று வைத்துக்கொள்வார்கள். புதிய தளத்துக்குப் போனால் முதல் வேலையாக எந்தச் சுவர் பிளான்ட் நார்த் என்று கேட்டு, அந்தச் சுவரிலோ தூணிலோ சாக்பீஸால் ஒரு அம்பு போட்டுவிடுங்கள். அப்புறம் தாளைத் திருப்பி, தாளின் வடக்கும் அந்தச் சுவரும் ஒரே பக்கம் பார்க்கும்படி பிடியுங்கள். எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஐசோவின் கோடு தனியாக எதையும் உறுதியாகச் சொல்லாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், பேனாவும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு அம்பு வலது மேல் மூலையைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கே ஓடும் குழாய், வலப்பக்கமாக 30 டிகிரி ஏறும் கோடு. கிழக்கே ஓடும் குழாய், வலப்பக்கமாக 30 டிகிரி இறங்கும் கோடு. மேலே ஏறும் குழாய் செங்குத்துக் கோடு. இப்போது கிழக்கே போய்க்கொண்டே 45 டிகிரியில் மேலே ஏறும் ஒரு குழாயை வரையுங்கள்: கிழக்கில் ஒரு அளவு, அங்கிருந்து அதே அளவு மேலே, இரண்டு முனைகளையும் சேருங்கள். கோடு எங்கே வந்து நிற்கிறது? வடக்கே படுக்கையாக ஓடும் குழாயின் அதே சாய்வில். ஒரே கோடு, இரண்டு குழாய்! அதே மாதிரி, தரைக்கு இணையாக வடமேற்கே 45 டிகிரியில் ஓடும் குழாயை வரைந்தால் அது தாளில் செங்குத்தாக நிற்கும், மேலே ஏறும் குழாய் போலவே.

இதற்காகத்தான் சாய்வாக ஓடும் துண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்து கோடு கோடாக நிரப்பியிருப்பார்கள். அழகுக்குப் போட்டது என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. குழாய் எந்த அச்சில் எவ்வளவு போகிறது என்பதற்கு அந்த முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்கள்தான் சாட்சி. ஒரு பக்கம் செங்குத்தாக இருந்தால் குழாய் உயரம் மாறுகிறது, இரண்டு பக்கமும் 30 டிகிரி கோடுகளாக இருந்தால் தரைக்கு இணையாகவே திரும்புகிறது. முக்கோணத்துக்குப் பதில் பெட்டி வரைந்திருந்தால் மூன்று அச்சிலும் ஒரே நேரத்தில் நகர்கிறது, அதுதான் ரோலிங் ஆஃப்செட்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது கண்ணிலேயே இருக்கிறது. 1832-இல் லூயி ஆல்பர்ட் நெக்கர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் படிகங்களின் கோட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முன்னால் இருந்த முகம் திடீரென்று பின்னால் போய்விடுவதைக் கவனித்து எழுதினார். வெறும் கோட்டால் வரைந்த கனசதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் உங்களுக்கும் அது நடக்கும். ஐசோவிலும் நடக்கிறது. ஐசோ எப்போதும் மேலிருந்து பார்த்த பார்வை. தாளில் 30 டிகிரி ஏறும் கோடு உங்களைவிட்டு விலகிப் போகிறது, இறங்கும் கோடு உங்களை நோக்கி வருகிறது. கண் இதைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் கிடைப்பது கண்ணாடிப் பிம்பம்.

பெருந்துறைப் பக்கம் ஒரு ஆலை வேலையில் அப்படி ஒரு ஸ்பூல் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். மேலே ஏறி, வடக்கே போய், கிழக்கே திரும்ப வேண்டிய ஸ்பூல். அளவெல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் சரி, வெல்டிங்கும் நல்ல வெல்டிங். ஆனால் எப்படித் தூக்கி வைத்தாலும் கடைசிக் கை (கடைசி வளைவுக்கு அப்புறம் போகும் நேர்த்துண்டு) மேற்கேதான் பார்த்தது. ஒரே தளத்தில் வளைந்த ஸ்பூல் என்றால் புரட்டிப் போட்டு மாட்டிவிடலாம், பிளேஞ்சு (போல்ட் போட்டு இணைக்கும் முனைத் தட்டு) ஓட்டைகள் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும், அதனால் பொருந்தும். இரண்டு தளத்தில் வளைந்ததை என்ன புரட்டினாலும் வலது கால் செருப்பு இடது காலுக்குப் போகாத கதைதான், வெட்டித்தான் ஆக வேண்டும். அங்கே துண்டுகளைப் பொருத்தி ஃபிட்-அப் செய்தவர் ஒவ்வொரு கையின் மேலும் "மேல், வடக்கு, கிழக்கு" என்று எழுதிவிட்டுத் தொடங்கியிருந்தால் இது நடந்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் மேலே நின்று வடக்கைப் பார்த்தால் கிழக்கு வலது கைப் பக்கம்தான் இருக்க முடியும்.

ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கட்டுக்கம்பியில் ஒரு முழம் எடுத்து, தாளைப் பார்த்து வளைக்க வேண்டும். அளவு வேண்டாம், திசை மட்டும் போதும். வளைத்ததைப் பிளான்ட் நார்த்துக்கு நேராகப் பிடித்து, வாயால் சொல்லிக்கொண்டே விரலை ஓட்ட வேண்டும்: மேலே, வடக்கே, கிழக்கே, கீழே. பக்கத்தில் இன்னொருவர் தாளை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு, தவறாக வெட்டிய ஒரு பெண்டின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

திசைக்கு அப்புறம் உயரம். தாளில் ஈ.எல். (எலிவேஷன், அதாவது உயர மட்டம்) என்று வரும் எண்கள்தான் என் கணக்கில் ஐசோவின் உயிர். பல வேலைகளில் தரை மட்டத்தை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள், கீழே பள்ளத்தில் போனாலும் எண் மைனஸில் போகாது என்பதற்காக. ஒரு சாயப்பட்டறை ஸ்டீம் லைனை நானே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 4 இன்ச் லைன். ஹெட்டர் (நீராவியைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய குழாய்) பிளேஞ்சு முகம் ஈ.எல். 101.200. அங்கிருந்து மேலே 105.400 வரை ஏறுகிறது, வடக்கே 6000 மி.மீ., கிழக்கே 8500 மி.மீ., அப்புறம் மெஷின் வால்வுக்குக் கீழே இறங்கி 102.000. ஏற்றம் 4200. இறக்கம்? 105.400-இல் 102.000 போனால் 3400 என்று எழுதத் தோன்றும். ஆனால் ஸ்டீம் லைன் படுக்கையாக ஓடும் இடத்தில் நீராவி போகும் திசையில் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்து திரண்ட தண்ணீர் நடுவில் நின்று, அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது நீராவி அதைத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயை அடிக்கும். தாளில் 1:100 என்று சரிவுக் குறி இருந்தால் 14.5 மீட்டர் ஓட்டத்துக்கு 145 மி.மீ. இறங்க வேண்டும். கிழக்கு முனையில் ஈ.எல். 105.255 ஆகிறது, இறக்கம் 3255. தாளில் 3400 என்று இருந்தால் சரிவைக் கணக்கில் சேர்க்காமல் எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம், வெட்டுவதற்கு முன்னால் டிசைன் ஆட்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏறியதையும் இறங்கியதையும் கூட்டிக் கழித்தால் இரண்டு முனை ஈ.எல். வித்தியாசம் வர வேண்டும், வடக்கு தெற்குக்கும் கிழக்கு மேற்குக்கும் அதே கணக்கு. கால்குலேட்டர்கூடத் தேவையில்லாத இந்தக் கூட்டலை யாரும் போடுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஈ.எல். எதைக் குறிக்கிறது என்பதையும் பாருங்கள். குழாயின் நடுக்கோடா, அடிப்பகுதியா? பி.ஓ.பி. என்றிருந்தால் குழாயின் அடி. 4 இன்ச் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ., அதனால் அடிக்கும் நடுக்கோட்டுக்கும் 57 மி.மீ. வித்தியாசம். குழாயின் அளவைக் குறைக்கும் ரெடியூசர் வரும் இடத்தில் இது விளையாடும். ஸ்டீம் லைனில் 6 இன்ச் 4 இன்ச்சாகக் குறையும்போது அடி தட்டையாக இருக்கும் எக்சென்ட்ரிக் ரெடியூசர் போடுவோம், தண்ணீர் தேங்காமல் இருக்க. அடி ஒரே மட்டத்தில் போகும், ஆனால் நடுக்கோடு 27 மி.மீ. கீழே இறங்கிவிடும். பம்ப் சக்‌ஷனில் பெரும்பாலும் இதைத் தலைகீழாக, மேல்பக்கம் தட்டையாகப் போடுவார்கள், அங்கே காற்று தேங்கக் கூடாது.

வெட்டு நீளத்துக்கு வருவோம், ஃபிட்டர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். தாளில் இருக்கும் 6000 என்பது பெண்டின் மையத்திலிருந்து அடுத்த பெண்டின் மையம் வரை. 4 இன்ச் லாங் ரேடியஸ் பெண்டு மையத்திலிருந்து முனைக்கு 152 மி.மீ., அதாவது இன்ச் அளவைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டு பக்கமும் 152 கழித்தால் 5696. இரண்டு வெல்டுக்கும் 3 மி.மீ. இடைவெளி விட்டால் 5690. ஹெட்டரிலிருந்து ஏறும் துண்டுக்கு 4200-இல் கேஸ்கெட் (பிளேஞ்சுகளுக்கு நடுவே கசியாமல் இருக்க வைப்பது) 3, 150 கிளாஸ் (அழுத்த வகுப்பு) வெல்ட் நெக் பிளேஞ்சு 76, பெண்டு 152, இரண்டு வெல்ட் இடைவெளி 6 கழிய, 3963. பெண்டு ஷார்ட் ரேடியஸ் என்றால் 152 என்பது 102 ஆகிவிடும், அதனால் பொருள் பட்டியலில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும். வெல்ட் இடைவெளி எவ்வளவு என்பதை வெல்டிங் செயல்முறைத் தாள் சொல்லும், மேஸ்திரி பழக்கத்தில் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரோலிங் ஆஃப்செட் என்றதும் பயப்படுவார்கள். மேலே 300, கிழக்கே 400, வடக்கே 500 என்று பெட்டி இருந்தால், 300-ஐயும் 400-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 500. அந்த 500-க்கும் வடக்கே போகும் 500-க்கும் அதையே செய்தால் 707. இரண்டும் சமம் என்பதால் 45 டிகிரி பெண்டு போதும், 4 இன்ச்சில் அதன் மையத்திலிருந்து முனை 64 மி.மீ. 707-இல் 128 போய், வெல்டுக்கு 6 போய், 573. பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

மற்ற குறிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெல்டுக்குப் புள்ளி, தளத்தில் அடிக்கும் வெல்டுக்குப் பெருக்கல் குறி என்று பொதுவாக வரும், ஆனாலும் வேலைக்கு வேலை மாறும், குறி விளக்கத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஃபீல்டு ஃபிட் வெல்டு (தளத்தில் அளந்து வெட்டி அடிக்கும் வெல்டு) என்று இருந்தால் அந்த முனையில் 100 அல்லது 150 மி.மீ. கூடுதலாக விட்டு அனுப்ப வேண்டும், எவ்வளவு என்று தாளிலேயே இருக்கும். சிவில் வேலை எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதைத் தளத்தில் சரிக்கட்ட விட்ட நீளம் அது. பட்டறையிலேயே "அளவு அதிகமா இருக்கு" என்று வெட்டிவிடக் கூடாது. வால்வில் ஓட்ட அம்பையும் கைச்சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் நான்-ரிட்டர்ன் வால்வைத் திருப்பி மாட்டினால் லைன் ஓடாது, கைச்சக்கரம் சுவரைப் பார்த்தால் ஆபரேட்டர் காலம் முழுக்கத் திட்டுவார்.

ஸ்டீம் லைனில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோவைத் தாண்டினால் அது பாய்லர் சட்டத்துக்குள் வந்துவிடும், ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) லைன் என்போம். பாய்லர் துறையிடம் அனுமதிக்குப் போகும் காகிதங்களில் இந்த ஐசோவும் உண்டு. அங்கே அனுமதித்த தாளும் உங்கள் கையில் இருக்கும் தாளும் ஒரே ரிவிஷனா (திருத்தப் பதிப்பா) என்று வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ரிவிஷன் எண் தாளின் கீழ் மூலையில் இருக்கும், மாறிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளையம் போட்டிருப்பார்கள். தளத்தில் ஏதாவது மாற்றி மாட்ட வேண்டி வந்தால் அன்றைக்கே சிவப்புப் பேனாவில் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து அந்த லைனில் ஒரு டீ போட வருகிறவருக்கு அந்தச் சிவப்பு எழுத்து மட்டும்தான் துணை.

படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல வழி எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வரைந்து பழகுங்கள் என்பதுதான். உங்கள் பட்டறையில் கம்பரஸரிலிருந்து போகும் காற்று லைனை எடுத்துக்கொள்ளுங்கள், சூடு இருக்காது, பக்கத்தில் நின்று டேப் பிடிக்கலாம். ஐசோமெட்ரிக் கட்டம் போட்ட தாளில் முதலில் வடக்கைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெண்டுக்கும் ஈ.எல். எழுதி, கையால் வரையுங்கள். ஆட்டோகேடில் வரைவதாக இருந்தால் எஃப்5 விசை மூன்று தளத்துக்கும் மாற்றிக் கொடுக்கும், ஆனால் தொடக்கத்தில் கையால் வரைவதே நல்லது. வரைந்ததை அந்த லைனைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துக் கட்டுக்கம்பியை வளைக்கச் சொல்லுங்கள். கம்பியும் லைனும் ஒத்துப்போகவில்லை என்றால் எந்தப் பெண்டில் பிரிந்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேடுங்கள், அநேகமாக அந்த இடத்தில் ஒரு ஈ.எல். எழுதாமல் விட்டிருக்கும், அல்லது முக்கோணம் போடாமல் விட்டிருக்கும்.